முதுகு பார்த்தல்

லியேஜில் ஞாயிற்றுக்கிழமை.
மியூஸ் ஆற்றங்கரை நெடுகச் சந்தை.
கூண்டில் வாத்து, இரும்புத் தட்டில் வாஃபிள்,
அதற்கப்பால் தார்ப்பாய் விரித்து
காலியான வீடுகளின் இழுப்பறைகள்.

சவரக்கத்தி வாங்க வருகிறவன்
முதலில் வாயைப் பார்க்கிறான்.
வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.
ராத்திரி நாலு இழுப்பு இழுத்துவிட்டால்
காலையில் "புத்தம் புதுசு" என்னும்.
நான் திருப்பிப் பிடித்து
முதுகைப் பார்ப்பேன்.

முதுகில் புண் என்றால்
களத்தை விட்டு ஓடியவன் என்பார்கள்.
அது ஆளுக்கு.
கத்தி ஓடுவதில்லை;
கல்லில் மல்லாந்தும் குப்புறவும் கிடந்து
வாய் தேய்கிற அளவுக்கு முதுகும் தேய்கிறது.
இரு பக்கமும் நூலளவு பளபளப்பு,
குதியிலிருந்து நுனிவரை ஒரே அகலம் என்றால்
வாங்கலாம்.
பட்டையாகிவிட்டதா, வைத்துவிடு.
வாய் நடுவில் உள்வாங்கியிருக்கிறதா,
கன்னத்தைக் கடிக்கும், வைத்துவிடு.
முத்திரையின் விளிம்பு சோப்புபோல் கரைந்திருந்தால்
யாரோ மெருகுச் சக்கரத்தில் வயதை மறைத்திருக்கிறார்கள்.
வைத்துவிட்டு,
கையையும் துடைத்துக்கொள்.

அந்த அம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
கறுப்புக் கொம்புப் பிடி. நாற்பது யூரோ.
பெயர் ஜிஸ்லேன் என்று
பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டதில் தெரிந்தது.

வெளிச்சத்தில் சாய்த்தேன்.
அடியில் ஒரு கோடு: மெல்லிது, சீரானது,
பல வருஷம் ஒரே அழுத்தம்.
அதன்மேல் இன்னொன்று, சரிவாக,
ஒரு பக்கம் மட்டும்,
நுனிக்குப் போகப்போக அகன்று.
பொன்னெழுத்தில் கடைசி மூன்றைத் தின்றிருந்தது.

"இரண்டு பேர் தீட்டிய கத்தி" என்றேன்,
விலை குறைக்கும் குரலில்.
"முதல் ஆளுக்குத் தொழில் தெரியும்.
இரண்டாவது ஆள் இடக்கை. அவசரம் வேறு.
கெடுத்துவிட்டார்."

"இரண்டாவது நான்" என்றாள்.

ஆறு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அர்மானுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது.
நாலு வருஷம். தினமும் காலையில்.
அடுப்பில் காபி, கல்லில் இது.
ஒரு நாளும் குறை சொன்னதில்லை."
கொஞ்சம் நிறுத்தி,
"பேச்சும் போயிருந்தது" என்றாள்,
சிரித்தாளா என்று
எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பதினைந்து என்றேன்.
வேறு என்ன சொல்வது,
கணக்குத் தெரிந்தவனுக்குக் கணக்குத்தான் வரும்.
முதுகு மெலிந்தால் கோணம் கூர்ந்துபோகும்,
கோணம் கூர்ந்தால் வாய் உதிரும்.
நாற்பது என்றாள்.
இருபது.
நாற்பது.
துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டாள்,
தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை
என்பதுபோல.

அடுத்த விரிப்பில், திருகாணிகள் நடுவே
அம்மைத் தழும்பாய்த் துருவேறிய ஒன்று.
முகம் பார்க்கச் சகிக்கவில்லை.
முதுகு மட்டும்
பட்டறையிலிருந்து அன்று வந்ததுபோல்.
எட்டு யூரோ. பேரம் பேசவில்லை.

வீட்டில் ஆர்டென் மலையின் மஞ்சள் கல்.
சொட்டுத் தண்ணீர்.
எங்கே படுகிறது என்று பார்க்க
முதுகு முழுக்க மார்க்கர் மை தடவினேன்.
இருபது இழுப்பு.
துடைத்துவிட்டு விளக்கடியில் திருப்பினால்
குதியில் மை அப்படியே இருக்கிறது.
நுனியில் மட்டும் போயிருக்கிறது,
ஒரு பக்கம், சரிவாக.

எனக்கு வலக்கை.
அவசரம் ஒன்றுமில்லை.
அடுப்பில் காபிகூட இல்லை.

கொஞ்ச நேரம் கத்தியைப் பார்த்தேன்,
கொஞ்ச நேரம் மணிக்கட்டை.
பிறகு மறுபடியும்
குதியிலிருந்து மை தடவ ஆரம்பித்தேன்.